பாமன்கடை ஒழுங்கையின் பேய்த் துப்பறிவாளர்

உறையிலிட்டு ஒட்டிய பணத்தாளின் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். எரிதணலின் மேல் அரை நிமிடம் அசையாமல் நின்று, பாதத்தில் கொப்புளம் இல்லாமல் இறங்க வேண்டும். தண்ணீரின் மேல் நடக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட கையையோ காலையோ பிரார்த்தனையால் ஓர் அங்குலமாவது வளர்க்க வேண்டும். பூட்டிய அறையிலிருந்து ஆன்ம பலத்தால் வெளியே வர வேண்டும். ஆவியை வரவழைத்து, படம் பிடிக்க நிறுத்த வேண்டும். இப்படி இருபதுக்கு மேற்பட்ட காரியங்களின் பட்டியல் அது. மோசடிக்கு இடமில்லாத சூழலில் இவற்றில் ஒன்றைச் செய்து காட்டினாலும் போதும், பரிசு கிடைக்கும். 1963இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பரிசுத் தொகை காலப்போக்கில் உயர்ந்து ஒரு இலட்சம் ரூபாயை எட்டியது. அறிவித்தவர் வெள்ளவத்தை பாமன்கடை ஒழுங்கையில் ‘திருவல்லா’ என்று பெயரிட்ட வீட்டில் வசித்த ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், ஆபிரகாம் தோமஸ் கோவூர். அவர் கண்ணை மூடும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை.

பேய்களைத் துப்பறியும் நாயகர்கள் ஆங்கில வாசகர்களுக்குப் பழக்கமானவர்கள். ஹொட்ஜ்சனின் கார்னாக்கி 1910களில் பேய் வீடுகளுக்குள் புகைப்படக் கருவியோடு போனான். ஜிம் பட்சரின் ஹரி டிரெஸ்டன் 2000ஆம் ஆண்டில் சிக்காகோவில் மந்திரவாதித் தொழிலுக்கு அலுவலகம் திறந்தான். பென் ஆரனோவிச்சின் கதையில் இலண்டன் பொலிஸுக்குள்ளேயே அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. கொழும்பு வாசகருக்கு இந்த இலக்கியம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. இங்கே துப்பறிவாளர் நிஜ மனிதர். பேய் வீடுகளுக்கு விலாசம் இருந்தது. அவர் எழுதியவை வழக்குக் குறிப்புகள். ஆனால் மக்கள் அவற்றை நாவலைப் போலத்தான் வாசித்தார்கள்.

இந்த வரலாற்றின் இடங்கள் பெரும்பாலும் காலி வீதி என்ற ஒரே தெருவில் கோத்தவை. பாணந்துறையில் புறப்படும் 100ஆம் இலக்க பஸ் இரத்மலானையைத் தாண்டியதும் கல்கிசை வரும். கோவூர் கற்பித்த பரி. தோமஸ் கல்லூரி அங்கேதான். பிறகு தெஹிவளை, அதை அடுத்து வெள்ளவத்தை, கடைசியில் புறக்கோட்டை. கோட்டை ரயில் நிலையத்தின் முன்னே தாடியோடு நிற்கும் சிலை கேணல் ஒல்கொட்டுடையது. கொழும்புக்கு வந்த முதல் பேய்த் துப்பறிவாளர் அவர்தான்.

ஒல்கொட்டை எல்லோரும் பௌத்த மறுமலர்ச்சியோடும் பாடசாலைகளோடும் சேர்த்தே நினைப்பார்கள். அதற்கு முந்திய அவருடைய வாழ்க்கை அதிகம் பேசப்படுவதில்லை. 1874இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் சிட்டென்டன் என்ற ஊரில், எடி சகோதரர்களின் பண்ணை வீட்டில் இறந்தவர்கள் உருவெடுத்து வருவதாகப் பேச்சு எழுந்தது. அதை விசாரித்து எழுத நியூயோர்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ பத்திரிகைக்காகப் போனவர் இந்த ஒல்கொட். விசாரிக்கப் போனவர் நம்பிக்கையோடு திரும்பினார். பிளவட்ஸ்கி அம்மையாரை அவர் சந்தித்ததும் அந்தப் பண்ணை வீட்டில்தான். மறு ஆண்டு இருவரும் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள்.

அவரை இலங்கைக்கு ஈர்த்த நூலுக்கும் ஆவிகளோடு தொடர்பு உண்டு. 1873இல் பாணந்துறையில் பௌத்தத் துறவி ஒருவருக்கும் கிறிஸ்தவப் போதகர்களுக்கும் நடந்த பெரும் விவாதத்தை நூலாக்கி அமெரிக்காவில் பரப்பிய ஜேம்ஸ் பீபிள்ஸ், ஆவியுலக நம்பிக்கையாளர். விவாதத்தில் பௌத்தர் பக்கம் நின்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனை விகாரையைச் சேர்ந்தவர். 1880 மே மாதம் ஒல்கொட் காலியில் இறங்கினார். இரண்டு ஆண்டு கழித்துக் களனிப் பக்கத்தில் ஒரு கிணற்றைக் கத்தோலிக்கர் அற்புதத் தலமாக்கப் போவதாகக் கேள்விப்பட்டார். பௌத்தர் பக்கத்திலும் ஒரு குணமாக்கும் சக்தி வேண்டுமே என்ற கவலை அவருக்கு. காலியில் முடக்குவாதக்காரர் ஒருவரைத் தடவி, மெஸ்மெரிச முறையில் குணப்படுத்த முயன்றார். நோயாளிக்குச் சுகம் தெரிந்தது. செய்தி பரவியதும் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள்.

எண்பது ஆண்டு கழித்து இதே காலி வீதியில் கோவூரின் கையில் இருந்த கருவியும் ஏறக்குறைய அதுதான். மெஸ்மெரிசத்தின் வழித்தோன்றலான ஹிப்னோட்டிசம், தமிழில் அறிதுயில். ஒல்கொட் அதைக் கொண்டு ஓர் அற்புதத்தை உண்டாக்கினார். கோவூர் அதைக் கொண்டு அற்புதங்களைக் கலைத்தார்.

கோவூர் 1898 ஏப்ரல் 10இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தார். தந்தை மார்த்தோமா திருச்சபையில் விகார் ஜெனரலாக இருந்த குருவானவர். படித்தது கல்கத்தா பங்கபாசி கல்லூரியில். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி ஊரார் கேட்பார்களாம். அவரும் தம்பியும் கேரளத்துக்குள் வந்த பிறகு ஒரு ரயில் நிலையக் குழாயில் போத்தல்களை நிரப்பிக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்களுக்கு நோய் தீர்ந்ததாக நன்றி வந்தது. தன் வாழ்க்கையின் திருப்பம் அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தம்பி பெஹனான் பின்னாளில் யேல் பல்கலைக்கழகம் சென்று, யோகத்தை உளவியல் நோக்கில் ஆராய்ந்து 1937இல் நூல் வெளியிட்டார்.

1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அவரை அழைத்தது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அங்கே தாவரவியல் கற்பித்தார். ஒரு ஆண்டு வேதாகமப் பாடமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர்கள் எல்லோரும் நன்றாகச் சித்தியடைந்தார்கள், ஆனால் விசுவாசத்தை இழந்துவிட்டார்கள் என்று சொல்லி அதிபர் அந்தப் பாடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம். 1943இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் காலி றிச்மண்ட் கல்லூரிக்கும், பிறகு கல்கிசைக்கும் வந்தவர், கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் 1959இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கம் உருவானது. சாகும்வரை அதன் தலைவர் அவர்தான்.

ஓய்வுக்குப் பிறகுதான் அவர் முழுநேரத் துப்பறிவாளர் ஆனார். பேய் நடமாடுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இரவு தங்கினார், சுடலைகளில் தூங்கினார். முக்கிய காரியங்களை வேண்டுமென்றே இராகு காலத்திலும் அட்டமி நவமியிலும் தொடங்கினார். வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் அழைப்புகள் வந்தன. சோற்றுக்குள் மண் விழுகிறது, கூரையில் கல் விழுகிறது, கொடியில் காயும் உடுப்புத் தானாகத் தீப்பற்றுகிறது என்ற அழைப்புகள். அதற்குள் அந்த வீட்டில் மந்திரவாதி வந்து போயிருப்பார். நூல் கட்டி, தேசிக்காய் வெட்டி, கழிப்புக் கழித்து, கடன்பட்டுச் செலவழித்த பிறகுதான் கோவூரின் முறை வரும்.

அவர் போனதும் கூரையைப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். ஒவ்வொருவரையும் தனியே இருத்திப் பேசுவார். கல் விழுந்தபோது யார் எங்கே நின்றார்கள்? பேய் வரத் தொடங்குவதற்கு முன் வீட்டில் என்ன சண்டை நடந்தது? இவருடைய குறிப்புகளில் பேய்க்குப் பின்னால் எப்போதும் ஒரு கை இருக்கும். பெரும்பாலும் அந்த வீட்டில் வாய் திறக்க முடியாத ஒருவரின் கை அது: விருப்பமில்லாத கலியாணத்துக்குப் பேசப்பட்ட பெண், அடிவாங்கும் வேலைக்காரப் பிள்ளை, மாமியாரின் சொல்லுக்குள் மூச்சடங்கிய இளம் மருமகள். சிலர் தெரிந்தே செய்தார்கள், சிலருக்குத் தாங்கள் செய்வது தெரியாது. கோவூர் அறிதுயிலில் ஆழ்த்திப் பேசவைத்து, பிறகு குடும்பத்தாரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய எழுத்தில் இன்றைக்கும் நிற்பது இந்தப் பகுதிதான். பேய் இல்லை என்று நிறுவுவது அவருக்கு எளிது. அதை மேடையில் வித்தை காட்டிக்கூட நிறுவிவிடுவார். ஆனால் அவருடைய வழக்குக் குறிப்புகளை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு இலங்கைக் குடும்பங்களின் ஒரு மறைவான வரலாறு கிடைக்கிறது. சீதனம், சொத்துப் பிணக்கு, அடக்கிய ஆசை, வேலைக்கு வந்த சிறுபிள்ளைகளின் தனிமை. எந்தக் குடிசன மதிப்பீட்டிலும் அகப்படாத துன்பங்கள் பேயின் பெயரால் பதிவாகியிருக்கின்றன.

அந்த வாசிப்பில் ஒரு குறையும் தெரியும். கோவூருக்குக் கலை வந்து ஆடுகிற பெண் ஒரு நோயாளி, குணமாக்கப்பட வேண்டியவள், அவ்வளவுதான். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட ‘மெடூசாஸ் ஹெயர்’ என்ற நூலுக்காகக் கதிர்காமத்தில் சடாமுடியோடு வாழ்ந்த பெண்களிடம் நீண்ட நேரம் இருந்து கதை கேட்டார். அவர்களுக்கும் ஆவி பிடித்திருந்தது, குடும்பத்தில் தீராத துயரம் இருந்தது. ஆனால் அவர்கள் அதைத் தெய்வத்தின் அருளாக மாற்றி, அதன் பலத்தில் தமக்கென ஒரு வாழ்க்கையையும் மதிப்பையும் உண்டாக்கிக்கொண்டார்கள். கோவூர் அந்தப் பெண்களைச் சந்தித்திருந்தால் அவர்களுடைய சடைமுடியை வெட்டச் சொல்லியிருப்பார் என்றே தோன்றுகிறது. துப்பறிவாளருக்கு விடை கிடைத்தவுடன் வழக்கு முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகும் அதே வீட்டில்தான் வாழ்க்கை.

அன்றைக்கு இலங்கையில் துப்பறிந்தவர் கோவூர் ஒருவர் மட்டுமல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் இங்கே வந்து, முற்பிறவியை நினைவுகூர்வதாகச் சொல்லப்பட்ட குழந்தைகளைத் தேடினார். 1966இல் வந்த அவருடைய இருபது வழக்குகள் பற்றிய நூலில் மூன்று இலங்கைக் குழந்தைகள் இருக்கிறார்கள். பேராதனையில் மெய்யியல் பேராசிரியராக இருந்த கே. என். ஜயதிலக்கவும் மறுபிறப்பு வழக்குகளை அனுதாபத்தோடு ஆராய்ந்தார். கோவூர் அவற்றைக் கடுமையாக மறுத்தார்.

கோவூரின் பக்கத்தில் நின்ற உடற்றொழிலியலாளர் கார்லோ பொன்சேகா தீமிதிப்பை எடுத்துக்கொண்டார். தணலில் பாதம் படும் நேரம் ஒவ்வொரு அடியிலும் ஒரு விநாடிக்கும் குறைவு. வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதம் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். இதை அளந்து 1971இல் இலங்கை மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார். விரதமும் தூய்மையும்தான் காப்பாற்றுகின்றன என்ற வாதத்துக்குப் பதிலாக, பகுத்தறிவாளர்கள் சாராயமும் இறைச்சியும் உட்கொண்டுவிட்டுத் தீ மிதித்தார்கள். உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கிற தமிழர்களுக்கு இது சுட்டிருக்கும். அவர்கள் அதன் பிறகும் மிதித்தார்கள், இன்றும் மிதிக்கிறார்கள். பௌதிகம் அறிந்தால் பக்தி அவிந்துவிடும் என்று அன்றைய பகுத்தறிவாளர் எண்ணியது நடக்கவில்லை.

கோவூரின் குறிப்புகள் தமிழ் வாசகரிடம் போய்ச் சேர்ந்த காலம் முக்கியமானது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிகளை இறுக்கியது. குமுதம், ஆனந்த விகடன் போன்ற தமிழகச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. வாரந்தோறும் தொடர்கதைக்குக் காத்திருந்து பழகிய வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு அது பெரிய வெறுமை. அந்த இடத்தை நிரப்ப உள்ளூர்ப் பதிப்பு எழுந்தது. 1930இல் தொடங்கி, கொட்டாஞ்சேனைக்கு அண்டிய கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த வீரகேசரி, மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வரிசையாக அச்சிட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் பரவலாகக் கைமாறிய அந்தப் பசிமிக்க காலத்தில்தான் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கோவூரின் பேய் வழக்குகளும் தமிழில் பெயர்க்கப்பட்டு வாசிக்கப்பட்டன.

கோவூருக்குக் கதை சொல்லத் தெரிந்திருந்தது. முதலில் பயத்தைக் கட்டியெழுப்புவார். ஊரார் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதுவார், கல் விழுந்த நேரத்தைக்கூட. பிறகு ஒவ்வொரு சாட்சியாக அவிழ்ப்பார். கடைசிப் பக்கத்தில் பேய் போய், ஒரு மனிதர் அழுதுகொண்டு நிற்பார். நல்ல துப்பறியும் கதையின் கட்டுமானம் இது. பகுத்தறிவுப் பிரசாரம் என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறவர்களும் இவற்றை இறுதிவரை வாசித்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

அந்தக் கதைகள் கடல் கடந்தும் போயின. கணவன் தன் மனைவியிடம் இறந்த தாயின் சாயலைக் கண்டு விலகும் ஒரு வழக்கை, கே. எஸ். சேதுமாதவன் 1972இல் ‘புனர்ஜன்மம்’ என்ற மலையாளப் படமாக்கினார். பிரேம் நசீரும் ஜெயபாரதியும் நடித்தார்கள். மறு ஆண்டு டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில் முத்துராமனும் மஞ்சுளாவும் நடிக்க, அது தமிழில் ‘மறுபிறவி’ ஆனது. 1976இல் பம்பாயின் ஜெய்கோ நிறுவனம் ‘பிகோன் காட்மென்’ என்ற பெயரில் கோவூரின் ஆங்கிலக் கட்டுரைகளை நூலாக வெளியிட்டது. 1984இல் பஞ்சாபின் பர்னாலாவில் மேக் ராஜ் மித்தர் அதைப் பஞ்சாபியில் பெயர்த்தார். வாசித்தவர்கள் தங்கள் ஊர்ப் பேய் வீடுகளுக்கும் வரும்படி அழைக்கத் தொடங்கவே, ‘தர்க்கசீல்’ சங்கம் பிறந்தது. அதன் குழுக்கள் தீப்பற்றும் வீடுகளுக்கும் கல்லெறிப் பேய்களுக்கும் கோவூரின் முறையையே பின்பற்றிப் போயின. வெள்ளவத்தையில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தின் வாசகர்கள், கோதுமை வயல்களுக்கு நடுவே தாங்களே துப்பறிவாளர்களானார்கள். தமிழ் வாசகரிடம் அப்படியோர் இயக்கம் முளைக்கவில்லை. இங்கே அவை படித்து ரசித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற கதைகளாகவே நின்றன.

மனைவி குஞ்ஞம்மா 1974இல் இறந்தபோது அவருடைய உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தார் கோவூர். 1978 செப்டெம்பர் 18இல் அவரும் காலமானார். அவருடைய விருப்பப்படி கண்கள் கண் வங்கிக்கும் உடல் மருத்துவக் கல்விக்கும் வழங்கப்பட்டன. எலும்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அவருடைய சவாலைக் கேரளத்தின் பசவ பிரேமானந்த் எடுத்து நடத்தினார்.

கோவூர் மறைவதற்கு முந்திய ஆண்டு ஆட்சி மாறி, இறக்குமதிக் கட்டுப்பாடும் தளர்ந்திருந்தது. குமுதம் மறுபடி கடைகளில் தொங்கியது. 1980களின் தொடக்கத்தில் அதில் வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ தமிழில் பேய்த் துப்பறிவுக்கு ஓர் உயரம். வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ஒரு பெருவீட்டில் ஆவியை எதிர்கொள்கிறார்கள். விஞ்ஞான விளக்கம் ஒன்று கிடைக்கிறது. ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு கதவைச் சுஜாதா திறந்தே விடுகிறார். கோவூர் அந்தக் கதவை ஒருபோதும் திறந்து விட்டிருக்க மாட்டார். கதைக்கு அந்தத் திறப்பு தேவை, வழக்குக் குறிப்புக்கு அது தோல்வி.

1983 யூலையின் இன வன்முறையில் வெள்ளவத்தையிலும் இரத்மலானை வரைக்கும் காலி வீதி நெடுகிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. 1950களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் படித்த இரத்மலானை இந்துக் கல்லூரியும், இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. எரிந்த வீடுகளோடு பெட்டி பெட்டியாகப் புத்தகங்களும் போயின. அதற்குப் பிறகு கொழும்பில் இறந்தவர்கள் பற்றி எழுதுவது வேறு வேலையாகிவிட்டது. காணாமல் போனவர்கள் இருந்தார்கள், அடையாளம் தெரியாத உடல்கள் இருந்தன.

2022இல் புக்கர் பரிசு பெற்ற செஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஒவ் மாலி அல்மெய்தா’ அந்தக் காலத்தில் நடக்கிறது. முதலில் 2020இல் ‘சற்ஸ் வித் த டெட்’ என்ற பெயரில் இந்தியாவில் வேறு வடிவில் வந்த நாவல் இது. கொழும்பில் 1990ஐ ஒட்டிய நாட்கள். போர்ப் புகைப்படக்காரன் மாலி கண் விழிக்கும்போது செத்துப்போயிருக்கிறான். அவனுடைய உடல் பேரே வாவியில். மறுவுலகம் ஒரு அரசாங்க அலுவலகம் போல வரிசையும் படிவமுமாக இருக்கிறது. தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு நிலவு அவகாசம். யக்குகளும் மகாகாளியும் நகரத்தில் திரிகின்றன. ஆவிகளோடு பேசும் மந்திரவாதி மோசடிக்காரன் அல்ல, உண்மையாகவே அவனுக்குக் கேட்கிறது. கோவூரின் பட்டியலில் இருந்த காரியங்களில் பாதியாவது இந்த நாவலில் நடந்துவிடுகின்றன.

கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் மாலி ஒளித்துவைத்த படங்களில் 1983 வன்முறையின் படங்களும் உண்டு. யார் நின்று பார்த்தார்கள் என்பது அவற்றில் தெரியும். உயிரோடிருக்கும் நண்பர்களுக்கு அந்தப் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் அவன் தவிக்கிறான். அந்த நண்பர்களில் ஒருவன் அமைச்சர் ஒருவரின் மகனான தமிழ் இளைஞன். கோவூர் போன வீடுகளில் விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள், அழைத்தால் அவரும் வந்தார், ஒருவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். 1990இன் கொழும்பில் பொலிஸும் விசாரிக்கவில்லை, கொன்றவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கருணாதிலக துப்பறியும் வேலையைச் செத்தவனிடமே கொடுத்துவிட்டார்.